நீல மூக்கு, பழுப்பு மூக்கு



சென்ற மாதம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ். ஜோடி என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தாராம். ஒன்றின் தலையை ஒன்று கோதிவிடுகிறது, வாயோடு வாய் வைத்து இரை ஊட்டுகிறது. மண்பானை கட்டித் தொங்கவிட்டு ஒரு வருடம் ஆகிறது, முட்டை மட்டும் காணோம். “ஏதாவது தோஷமா?” என்று கேட்டிருந்தார்.

தோஷம் ஒன்றுமில்லை. கூடவே வைத்திருந்த படத்தில் இரண்டு மூக்கும் பளிச்சென்று நீலம். இரண்டும் ஆண்.

இந்த மாதிரி கடிதங்கள் அடிக்கடி வருவதால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் பட்ஜிகள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிதான் அவற்றின் சொந்த ஊர். 1840ல் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். உலகமெங்கும் கூண்டுகளில் பெருகியது அதன் பிறகுதான். காட்டில் இருப்பவை பச்சையும் மஞ்சளும் கலந்தவை. நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் கூண்டில் மனிதர்கள் பெருக்கிய நிறங்கள். எந்த நிறமானாலும் சரி, மயிலையோ சேவலையோ பார்த்ததும் சொல்வதுபோல பட்ஜியின் இறகைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

பார்க்க வேண்டிய இடம், அலகுக்கு மேலே மூக்குத் துவாரங்கள் இருக்கும் சதைப்பட்டை. வளர்ந்த ஆணுக்கு அது வழவழப்பாக, ஒரே சீரான நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிர் வெள்ளை, சந்தனம், பழுப்பு என்று மாறிக்கொண்டே இருக்கும். முட்டையிடும் பருவம் வந்தால் நன்றாகப் பழுத்து, தடித்து, காய்ந்த சேறு போல வெடித்துக்கூட நிற்கும். பருவம் போனால் அந்தத் தோல் உதிர்ந்து மறுபடி வெளிறும். எல்லாம் ஹார்மோனின் வேலை. ஆஸ்திரேலியப் பாலையில் மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெய்து புல் விதை பிடித்தால் உடனே கூடு கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் “நான் தயார்” என்பதை முகத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது வசதிதானே.

இந்தப் பழுப்பைச் சொறி என்று பயந்து தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், மூக்குத் துவாரம் அடைத்துக்கொள்ளும். அலகின் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் பொடிப்பொடித் துளைகளோடு வெள்ளைப் பொருக்கு படிந்தால் மட்டுமே அது பூச்சி; அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

சிக்கல் எல்லாம் குஞ்சில்தான். கடைகளில் நாம் வாங்குவதோ பெரும்பாலும் குஞ்சு. நெற்றியில் மூக்குவரைக்கும் கறுப்புக் கோடுகள் இருந்து, கண்ணும் முழுக் கறுப்பாக இருந்தால், இன்னும் முதல் இறகு உதிரவில்லை என்று அர்த்தம். மூன்று நான்கு மாதத்தில் உதிர்ந்த பிறகு நெற்றி வெளுக்கும். கண்ணில் வெள்ளை வளையம் அதற்குப் பின்னால் மெல்ல வரும். அதற்கு முன்னால் ஆண் குஞ்சின் மூக்கு ரோஜா கலந்த ஊதா, துவாரத்தின் விளிம்புவரை ஒரே நிறம். பெண் குஞ்சின் மூக்கு வெளிறியிருக்கும். துவாரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். பலர் தடுமாறுவது இங்கேதான். இளம் பெண்ணின் மூக்கு பல நேரம் வெளிர் நீலமாகவே இருக்கும். நீலத்தைப் பார்த்ததும் ஆண் என்று முடிவு கட்டாதீர்கள். வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் இருந்தால் பெண்.

கோடு மாறாத குஞ்சுகளைக் காட்டி “கேரன்டி ஜோடி சார்” என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகருங்கள். அனுபவசாலி விற்பனையாளர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களே அந்த வயதில் கேரன்டி தர மாட்டார்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. சிவப்புக் கண்ணோடு முழு மஞ்சளாகவோ முழு வெள்ளையாகவோ இருக்கும் லுட்டினோ, அல்பினோ. இவற்றில் ஆணின் மூக்கு நீலமாகவே ஆகாது. ஆயுள் முழுக்க அந்தக் குஞ்சுப் பருவத்து ரோஜா ஊதாவிலேயே நின்றுவிடும். இதை அறியாமல் ‘பெண்’ என்று வாங்கிப் போனவர்கள் ஏராளம். இவற்றில் பெண்ணின் மூக்கு மற்றப் பெண்களைப் போலவே வெளிறும், பழுக்கும்.

லுட்டினோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. பறவைகளில் பெண்ணுக்குத்தான் இரண்டு வெவ்வேறு பால் குரோமோசோம், இசட்டும் டபிள்யூவும். ஆணுக்கு இரண்டும் இசட். மனிதர்களில் தந்தையின் பங்கு தீர்மானிப்பதை அங்கே தாயின் பங்கு தீர்மானிக்கிறது. லுட்டினோ நிறம் இசட்டோடு ஒட்டிக்கொண்டு போவது. அதனால் தகப்பன் லுட்டினோ, தாய் சாதாரணப் பச்சை என்றால், பிறக்கும் சிவப்புக் கண் குஞ்சுகள் அத்தனையும் பெண். மற்றவை அத்தனையும் ஆண். கண் திறப்பதற்கு முன்பே இமை வழியாக அந்தச் சிவப்பு தெரியும். மூக்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

குணத்தை வைத்துச் சொல்லலாமா என்று கேட்பார்கள். ஓரளவுதான். இடைவிடாமல் பாடுவது, தலையை ஆட்டுவது, கண்ணாடியோடு பேசுவது எல்லாம் ஆணிடம் அதிகம். பேச்சுக்குப் பெயர்போனவை ஆண்கள்தான். 1958ல் பிபிசி நடத்திய பேசும் பறவைப் போட்டியில் வென்ற, நியூகாசில் நகரத்து ஸ்பார்க்கியும், 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸில் இடம்பிடித்த கலிஃபோர்னியாவின் பக்கும் ஆண் பட்ஜிகளே. பெண் மரக்கட்டையைக் கொறிக்கும், கையைக் கடித்தால் ரத்தம் வரும், கூண்டில் அதிகாரமும் செய்யும். ஆனால் சாதுவான பெண்ணும் முரட்டு ஆணும் நம் வீட்டில் இல்லையா என்ன?

எதிலும் தெளியாவிட்டால் டிஎன்ஏ சோதனை இருக்கிறது. கூண்டுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகை நம்பி அனுப்பாதீர்கள். வேரோடு புதிதாக எடுத்த இறகோ ஒரு துளி ரத்தமோ வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். எனக்குப் பெயர் வைப்பதும் குஞ்சு எடுப்பதும் இரண்டாம் பட்சம். பெண் பட்ஜி துணை இல்லாமலேயே முட்டையிடும். அது பெண் என்று தெரிந்தால்தான் கடல் நுரை வைப்போம்; பானையைக் கழற்றிவிடுவோம்; இட்ட முட்டைகளை உடனே எடுக்காமல், அதுவே சலித்து எழுந்து போகும்வரை விடுவோம். எடுத்தால் மறுபடி மறுபடி இட்டு உடம்பு உருகிவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

ஆண் என்று தெரிந்திருப்பதும் அதே அளவு முக்கியம். வருடக்கணக்காக நீலமாக இருந்த மூக்கு மெல்லப் பழுப்பானால், அது பெண்ணாகிவிடவில்லை. விந்தகத்தில் கட்டி வளர்ந்து பெண் ஹார்மோனைச் சுரப்பது பட்ஜிகளில் அடிக்கடி காணும் நோய். சில நேரம் ஒரு காலும் தளர்ந்து போகும், கட்டி நரம்பை அழுத்துவதால். முன்பு நீலமாக இருந்தது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மருத்துவருக்கு அதைச் சொல்ல வேண்டியவரும் அவரே.

கடிதம் எழுதிய வாசகிக்கு: பானையை எடுத்துவிடுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரும் இப்படியே சந்தோஷமாக இருப்பார்கள். ஆசைப்பட்டு நடுவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டால் சண்டை நிச்சயம். குஞ்சு வேண்டுமென்றால் தனிக் கூண்டு போடுங்கள். கிளிக் குஞ்சைப் பற்றிக் கேட்கும் மற்ற அன்பர்களுக்கு: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் ஆண், பெண் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

பட்ஜிப் படம் அனுப்புகிறவர்கள் காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், மூக்கும் நெற்றியும் நேராகத் தெரியும்படி எடுங்கள். டியூப்லைட்டின் கீழே வெளிர் நீலமும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். பறவையின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘ராமு’ என்று படித்துவிட்டுப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மூக்கு நீலமாகத்தான் தெரிகிறது.

அன்புடன்,
ஆசிரியர்