செம்பனை எண்ணெயில் இரும்பை வெட்டலாமா?

உலோகத்தைக் கடையும்போதும் துளையிடும்போதும் வெட்டும் கருவி கடுமையாகச் சூடாகும். சூட்டைத் தணிக்கவும் உராய்வைக் குறைக்கவும் ஊற்றுவதுதான் கூலண்ட். பட்டறைகளில் பால்போல வெள்ளையாக ஓடுமே, அதுதான். பெரும்பாலும் அது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெயைத் தண்ணீரில் கலந்தது.

அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெயைப் பயன்படுத்தினால் என்ன? உலகின் இரண்டாவது பெரிய செம்பனை எண்ணெய் உற்பத்தி நாடான மலேசியாவுக்கு இந்தக் கேள்வியில் அக்கறை இருப்பதில் வியப்பில்லை.

வழுக்குவதில் தாவர எண்ணெய் கெட்டிக்காரன். அதன் கொழுப்பு அமிலங்கள் உலோகத்தைப் பற்றிக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கும். கருவி தேய்வது குறையும். கனிம எண்ணெயைப்போல் சுலபத்தில் தீப்பற்றாது. மண்ணில் சீக்கிரம் மட்கும்.

அப்படியென்றால் ஏன் எல்லாரும் மாறவில்லை?

காற்றும் சூடும் பட்டால் அது கெட்டுப்போகும். பழைய வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கு போல இயந்திரத்திலும் படியும். சோயா எண்ணெயைவிடச் செம்பனை எண்ணெய் தாக்குப்பிடிக்கும். ஆனால் குளிரில் உறையும். வேதிமுறையில் எஸ்டராக மாற்றினால் இந்தத் தொல்லைகள் குறையும். விலைதான் கூடும்.

இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு என்ன லாபம்? சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லதே. ஆனால் கையில் வரும் அரிப்புக்கும் மூச்சுத் தொல்லைக்கும் எண்ணெய் மட்டுமே காரணமில்லை. தொட்டியில் வளரும் கிருமிகள், அவற்றைக் கொல்ல ஊற்றும் மருந்து, காற்றில் பறக்கும் எண்ணெய்த் துளிகள் எல்லாமே காரணம். தாவர எண்ணெய் கிருமிகளுக்கும் நல்ல சாப்பாடு! வார இறுதியில் இயந்திரம் நின்றால் திங்கட்கிழமை தொட்டி நாறும். உடனே இன்னும் கொஞ்சம் கிருமிநாசினி. மறுபடியும் தோல் எரிச்சல். டின்னில் 'இயற்கை' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது.

தாவர எண்ணெய்க்கு நன்கு பொருந்தும் முறை ஒன்று உண்டு. நிமிடத்துக்குப் பல லிட்டர் ஊற்றுவதற்குப் பதிலாக, மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் எண்ணெயை மட்டும் காற்றோடு கருவி முனையில் தெளிப்பது. எண்ணெய் தொட்டிக்குத் திரும்புவதில்லை, நாறுவதுமில்லை. ஆனால் புகையை உறிஞ்சும் விசிறி கட்டாயம் வேண்டும். ஆழமாகத் துளையிடும்போது சீவல்களை அடித்துத் தள்ள இந்தத் தெளிப்பு போதாது.

பழைய கூலண்டை என்ன செய்வது? கனிம எண்ணெய் கலந்தது, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. தாவர எண்ணெய்தானே என்று எதையும் சாக்கடையில் ஊற்றிவிடக் கூடாது. வெட்டும்போது உதிர்ந்த உலோகத் துகள்களும் இயந்திரத்திலிருந்து கசிந்த எண்ணெயும் அதிலும் கலந்திருக்கும்.