கைநாட்டுக்குப் பின்னும் ஒரு மனம் உண்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர், இளம்பிள்ளை)

ஏழைகளை வைத்து மருத்துவ ஆராய்ச்சி செய்வதே பாவம் என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஏழையின் நோயை எவரும் ஆராயாவிட்டால் அவனுக்கேற்ற சிகிச்சை எங்கிருந்து வரும்?

சென்னை சேத்துப்பட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் அங்கே ஒரு காசநோய் ஆய்வைத் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. அங்கே நல்ல உணவு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் உண்டு. மறுபகுதியினருக்கு நெருக்கடியான தம் வீடுகளிலேயே அதே மருந்து. 1959-இல் முடிவு வெளிவந்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்திருந்தனர்! வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க வழியற்ற கூலிக்காரனுக்கு இதைவிட நற்செய்தி ஏது? எவரை ஆராய்ந்தார்களோ, அவர்களைப் போன்றவர்களுக்கே பயன் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைச் சிறுமிகளுக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். சில சிறுமிகள் இறந்ததை ஒட்டி எழுந்த எதிர்ப்பால் 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமன்று என்றே விசாரணையில் கூறினர். அந்த ஊசி நல்ல ஊசிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒப்புதல் தாள்கள்? பரிசீலித்த 9,543 தாள்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 1,948-இல் வெறும் கைநாட்டு. 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாய் இருக்கக் காப்பாளர் யார் சம்மதம் சொல்ல?

என் தாயும் கைநாட்டுக்காரர்தாம். இளம்பிள்ளைச் சேலை என்றால் ஊரெல்லாம் தெரியும். அதை நெய்பவர் காதும் நெஞ்சும் எப்படி இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள், வீட்டுக்கு வந்தும் கத்தியேதான் பேசுகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒரு குழு வந்து இருமல் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் விசாரித்தது. "இது எதுக்குங்க?" என்று அம்மா கேட்டார். "சும்மா கணக்குக்குத்தாம்மா" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிப் போனார்கள். அந்தக் கணக்கின் விடை இன்றுவரை எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆய்வு வேண்டும் என்று ஏங்கும் ஊரையே இப்படி அலட்சியப்படுத்தினால், அடுத்து வருகிறவனுக்குக் கதவு திறக்குமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. அந்தச் சாதாரண மனிதர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரியாகவே ஏன் இருக்க வேண்டும்? தறிக்காரரைப் பற்றிய ஆய்வு என்றால் தறி ஓட்டும் பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் அமரட்டுமே. தாளில் உள்ளது தனக்குப் புரிகிறதா இல்லையா என்று அவள் சொல்வதைவிடப் பெரிய பரீட்சை வேறில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நாமும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறோம். அடுத்த முகாமில் படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கேள்வியைத் தொடங்குவோம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் நகர்வோம். முகாம் முடிந்த ஒரு மாதத்துக்குள் அதே தெருவில் கூட்டம் போட்டு, கண்டதைச் சொல்லிவிட்டு வருவோம். முதல் கூட்டத்துக்குப் பாய் விரித்து வைக்க எங்கள் தெரு தயார்.