தலையெழுத்தல்ல, தாய் உண்ட சோறு!

மாரடைப்பு மாளிகைவாசிகளின் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். நெய்யிலே மிதந்து மெத்தையிலே புரள்பவனுக்கு வருவது, உழைத்து உரமேறிய உடலை அண்டாது என்று நம்பினோம். இன்று நிலைமை என்ன? கரிசல் காட்டிலே கம்பும் உளுந்தும் விதைத்தவர், கோவில்பட்டி ஆலையிலே இரவு ஷிப்டு பார்த்தவர், தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கியவர், ஐம்பது வயது ஆகுமுன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைக் காண்கிறோம். ஊர் கூடி அழுகிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் கலைகிறது.

தலையெழுத்தா? மறுக்கிறோம் நாம். எழுதியவன் எவன் என்று கேட்டு மறுப்பது நம் வழக்கம். இம்முறை, எழுதப்பட்ட இடத்தையே காட்டி மறுக்கிறோம். தாயின் வயிற்றிலே, அவள் தட்டிலே விழுந்த சோற்றாலே எழுதப்படுகிறது அது!

மேடைக்காகச் சொல்லும் அலங்காரமல்ல இது. ஆராய்ச்சி கண்ட முடிவு. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவ அறிஞர், ஹெர்ட்ஃபோர்டுஷயர் வட்டாரத்தில் 1911 முதல் எழுதி வைக்கப்பட்டிருந்த பிரசவப் பேரேடுகளைப் புரட்டினார். எடை குறைந்து பிறந்து, ஒரு வயதிலும் மெலிந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இதயநோயால் அதிகம் மாண்டார்கள் என்பதை 1989இல் வெளியிட்டார்.

சீமை வேறு, நம் மண் வேறு என்பீர்களா? மைசூருக்கு வாருங்கள். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். 1996இல் வெளிவந்தது கணக்கு. இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களிடையே நூற்றுக்கு 11 பேருக்கு இதயநோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களிடையே நூற்றுக்கு 3 பேருக்குத்தான்!

ஏன் இப்படி? வானம் பொய்த்த ஆண்டில் நம் சம்சாரி என்ன செய்கிறார்? விதைத் தானியத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, மற்ற செலவையெல்லாம் சுருக்குகிறார். கருவிலுள்ள பிள்ளையும் அப்படித்தான். தாய்க்குச் சோறு குறைந்தால், மூளையைக் காப்பாற்றிக்கொண்டு, சிறுநீரகத்திலும் கணையத்திலும் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்குள் அமைந்து முடிபவை. பிறகு புதிதாக முளைப்பதில்லை. அந்தக் குறை நடுவயதில் இரத்தக் கொதிப்பாக வந்து நிற்கிறது. கணையத்தின் குறை சர்க்கரை நோயாக வருகிறது. இரண்டும் கூடி இதயத்தின் கதவைத் தட்டுகின்றன.

எடை குறைந்து பிறந்தவருக்கெல்லாம் மாரடைப்பு உறுதி என்பதல்ல இதன் பொருள். பீடியை விட்டு, உப்பைக் குறைத்து, இரத்தக் கொதிப்பைச் சோதித்து மருந்து உண்பவர் தப்பலாம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே கடனோடு பிறக்கலாமா என்பதே நம் கேள்வி.

பிறந்த பிறகாவது கடனைத் தீர்க்கிறோமா? வளர்க்கிறோம்! பிள்ளை கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கிறோம். பிறகு டீக்கடை பிஸ்கட், கலர்த் தண்ணீர். அன்பால் கொடுப்பதுதான், ஐயமில்லை. இங்கிலாந்தில் சர்க்கரைக்கு இருந்த ரேஷன் 1953 செப்டம்பரில் நீங்கியது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டது 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் அளவுக்குள் வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவு. இரத்தக் கொதிப்பு சுமார் 20 விழுக்காடு குறைவு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். கடலையைத் தாய் தின்னட்டும். பிள்ளைக்கு இரண்டு வயது முடியும்வரை மிட்டாய் வேண்டாம்!

எழுத்தை மாற்ற வழி உண்டா? உண்டு. ஐதராபாத் அருகே 29 சிற்றூர்கள். 1987 முதல் 1990 வரை 15 ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சத்துணவு கொடுத்தார்கள். மற்ற 14 ஊர்களுக்குத் திட்டம் அப்போது வரவில்லை. பிள்ளைகள் பருவ வயதை அடைந்ததும் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற ஊர்ப் பிள்ளைகள் 14 மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள். இரத்தக் குழாய்களின் விறைப்பு குறைவாக இருந்தது. இன்சுலின் செவ்வனே வேலை செய்தது. கொடுத்தது தேவாமிர்தமா? மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு!

இந்தப் பாடம் தமிழகத்துக்குப் புதிதல்ல. 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் சென்னை மாநகராட்சி பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1956இல் இதோ பக்கத்திலுள்ள எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளையையும் தேடிப் போயிற்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் மு.க.ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். பள்ளி வாசலில் தொடங்கிய பணி பால்வாடி வரை வந்தது. இன்னும் ஒரு படி, கருவிலுள்ள பிள்ளையிடம் முழுமையாகப் போய்ச் சேரவேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவு உண்டு. மகப்பேறு நிதியுதவியும் உண்டு. ஆனால் குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண், நிறைமாதத்திலும் வேலையை விடமுடியாமல் டீயும் பன்னும் தின்று பொழுதைக் கழித்தால், அந்த மாவு என்ன செய்யும்? உதவித்தொகை தொட்டில் கட்டிய பிறகல்ல, வயிறு தெரியும் முன்பே கைக்கு வரவேண்டும். கேட்கிறோம் நாம்!

"இலவசம், இலவசம்" என்று முகம் சுளிக்கும் மேதாவிகளைக் கேட்கிறோம்: ஒரு கிண்ணம் மாவு செலவா, ஐம்பது வயதில் இதயக் குழாய்க்குள் கம்பிவலை வைப்பது செலவா?

அரசிடம் கேட்பதோடு முடிந்துவிடவில்லை நம் வேலை. தோழர்களே! கொடி பிடித்துக் கோட்டை வரை போகிறோம். நம் வீட்டு அடுப்படி வரை போயிருக்கிறோமா? அங்கே எல்லோரும் உண்டபின் பானையைச் சுரண்டுபவர் யார்? வயிற்றுப் பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினம் என்று அவர் சோற்றைக் குறைத்தவர் யார்? அவருக்கென்று வந்த சத்துமாவை வீட்டார் அனைவரும் பங்கு போட்டால், சுருங்குவது எவர் இதயம்?

கர்ப்பிணிப் பெண் முதல் பந்தியில் உட்காரட்டும். கம்பங்கூழும் பருப்பும் கீரையும் முட்டையும் முதலில் அவர் தட்டிலே விழட்டும். தலையெழுத்தைத் திருத்தும் எழுதுகோல் அகப்பைதான். அது நம் கையிலேயே இருக்கிறது!