யார் கணக்கில் வரவு?

டாக்குமெண்டரி என்றால் நம் அப்பாக்களுக்கு என்ன ஞாபகம் வரும் தெரியுமோ? மெயின் படத்துக்கு முன்னால் தியேட்டரில் ஓடும் கறுப்பு வெள்ளை ரீல். வெள்ள நிவாரணம், அணைக்கட்டு, மந்திரி கையசைப்பு. ‘நீ போய் சீட்டைப் பிடி, நான் முறுக்கு வாங்கிட்டு வரேன்’ என்பதற்கு வசதியான நேரம். அதில் ஏழை வருவார். வாய் திறக்க மாட்டார். அவருக்காக ஒரு கட்டைக் குரல் பேசும்.

வாய் திறந்தால் என்ன ஆகும்? ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985) பாருங்கள். பம்பாயில் குடிசைகளை இடித்துத் தள்ளியது பற்றிய படம். குடிசைவாசிப் பெண் ஒருவர், நீ படம் பிடித்துப் பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவாய், எங்களுக்கு என்ன செய்வாய் என்று டைரக்டரையே பிடிபிடியென்று பிடிக்கிறார். மற்றவர்களாக இருந்தால் எடிட்டிங் டேபிளிலேயே கத்தரி விழுந்திருக்கும். பட்வர்தன் அப்படியே வைத்துவிட்டார். படத்துக்கு தேசிய விருது கிடைத்தது.

நமக்கு பி.காம். புத்தி. டைரக்டர் பேரில் வரவு: விருது, கைதட்டல். அந்த அம்மாள் பேரில்? ஏட்டில் ஒரு பக்கமே கிடையாது. இந்த ரகப் படங்கள் பலவற்றில் இதுதான் எனக்கு உறுத்துகிறது. யூனிட் வருகிறது, அழச் சொல்கிறது, ‘டச்ல இருக்கோம்’ என்று வேனில் ஏறுகிறது.

பட்வர்தன் அப்படிப் போகவில்லை. அதே படத்தில் பாடியவர் விலாஸ் கோக்ரே என்ற தலித் கவிஞர். 1997 ஜூலை 11-ம் தேதி காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட, மக்கள் திரள, போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். நாலே நாளில் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். பட்வர்தன் மறுபடி கேமராவைத் தூக்கினார். ‘ஜெய்பீம் காம்ரேட்’ முடிந்தது 2011-ல்.

பதினாலு வருஷம் சார்! ராமர் வனவாசக் கணக்கு. நம்ம ஆபீசில் அதற்குள் ரெண்டு புரமோஷன், ஒரு டிரான்ஸ்ஃபர், பி.எஃப். லோன் எல்லாம் பார்த்துவிடுவோம். இவர் கேஸ் நடக்க நடக்க எடுத்துக்கொண்டே இருந்தார். சுட உத்தரவிட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு 2009-ல் ஆயுள் தண்டனை. பிறகு ஜாமீனில் வந்துவிட்டார். அதுவும் படத்தில் இருக்கிறது.

மூணு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். 2012 ஜனவரியில் முதல் காட்சியை ஏ.சி. ஹாலில் வைக்கவில்லை. பைகுல்லாவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் பி.ஐ.டி. சாலில் திரை கட்டிப் போட்டார்கள்.