மைசூர் அரண்மனையில் செருப்புக்கு யார் காவல்?

அரையாண்டுப் பரீட்சை முடிகிற வாரம் வந்தால் போதும், நம் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் “ஒரு நாள் மைசூர் போயிட்டு வந்துடலாமா?” என்ற பேச்சு கிளம்பிவிடும். போகலாமே! இரவு சென்ட்ரலில் காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே. அரண்மனை காலை 10 மணி முதல் மாலை 5.30 வரை. மறுபடி இரவு ரயில். லாட்ஜ் செலவு மிச்சம்.

சிக்கல் கூட்டத்தில்தான். விடுமுறை நாளில் உள்ளே போனால் நாம் நடப்பதில்லை, பின்னால் வருகிறவர்கள் நம்மை நடத்திக்கொண்டு போவார்கள். செருப்பையும் வெளியிலேயே விட வேண்டும். அந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் சட்டென்று ஒரு முடிவெடுக்கின்றன. “அம்மா, உனக்கு முட்டி வலி. நீ இங்கேயே உட்காரேன். அப்படியே பையையும் பார்த்துக்கோ.”

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், வயது 72, இரண்டு தடவை மைசூர் போய் வந்திருக்கிறார். இரண்டு தடவையும் அரண்மனைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. “மரத்தடியில நல்ல காத்து” என்பார். உள்ளே இருந்ததையெல்லாம் பேத்தியின் போனில்தான் பார்த்தாராம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த அரண்மனை அவர் மாதிரி ஆட்களுக்கே கட்டியது போல இருக்கும். நுழைந்ததும் ‘கொம்பெ தொட்டி’, அதாவது பொம்மை முற்றம். வருஷா வருஷம் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை தேடி அலைகிறவருக்கு அங்கேயே அரை மணி நேரம் வேண்டும். அப்புறம் எண்கோணக் கல்யாண மண்டபம். தலைக்கு மேலே மயில்கள் விரிந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. தாங்கி நிற்பவை கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்த இரும்புத் தூண்கள்.

இரும்புக்குப் போனதில் ஆச்சரியமில்லை. முன்பு அங்கே இருந்த மர அரண்மனை, 1897-ல் இளவரசி ஜெயலட்சுமம்மணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. மன்னர் அப்போது சிறுவர். அவர் பெயரில் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்தவர் கணவரை இழந்த தாய், மகாராணி கெம்பநஞ்சம்மணி. மகள் கல்யாணத்தில் வீடே எரிந்த நிலையில், புது அரண்மனை கட்டும் வேலையை அவர் ஹென்றி இர்வினிடம் ஒப்படைத்தார். 1912-ல் கட்டி முடிந்தது.

இர்வின் நமக்கு அந்நியர் இல்லை. எழும்பூர் ரயில் நிலையம் அவர் வரைந்ததுதான். பிராசிங்டன் தொடங்கிய உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவரும் அவரே. எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அந்தச் சிவப்புச் சுவரையும் குவிமாடங்களையும் பசங்களுக்குக் காட்டி வையுங்கள். மைசூரில் அவர்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வயதானவர்களோடு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் தசரா நாட்களையும் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. ஆனால் பசங்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் இரவு 7 மணிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிவதைப் பார்க்கத்தானே பாதிப் பேர் மைசூருக்கே போகிறார்கள்! விளக்கா, நிதானமா என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு பண்ணிவிடுங்கள். வாசலில் நின்று சண்டை வேண்டாம். விளக்குதான் என்றால் இரவு ரயில் நேரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளானாலும் 10 மணிக்கு முன்னால் வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு. வெயில் ஏறினால் கல் தரை சுடும், ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போங்கள். சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவன் என்று எல்லாவற்றையும் ஒரே பகலில் திணித்தால் முதலில் களைத்துப்போவது பாட்டிதான். அவரைத்தான் அப்புறம் பெஞ்சில் உட்கார வைப்பீர்கள்.

பையை என்ன செய்வது? ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டுக் கைவீசிப் போகலாம். அப்படியும் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருந்தால் முதல் முறை மாப்பிள்ளை நிற்கட்டும், திரும்பி வந்ததும் மகன் நிற்கட்டும். இரண்டு பேருக்கும் முட்டி நன்றாகத்தானே இருக்கிறது.