வில்லி ஓரீயின் இரண்டாவது ஆட்டம்

ஹாக்கி என்றதும், அன்பர்களே, தோட்டத்துத் திடலில் மட்டை பிடித்து ஓடும் ஆட்டந்தான் நம் நினைவுக்கு வரும். கனடாவிலோ, பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். பந்து கிடையாது, கெட்டி ரப்பர் வட்டு. நமக்குப் பழகிய ரப்பர்தான். ஆனால் அது பாய்ந்து வந்து முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று வில்லி ஓரீயைத்தான் கேட்க வேண்டும்.

1935-இல் ஃபிரெடெரிக்டன் நகரில், பிள்ளைகள் நிறைந்த கறுப்பினக் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இளைஞர் அணியில் ஆடும்போது வட்டு பட்டு, வலக்கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிற்று. இனி ஆடக்கூடாது என்றார் மருத்துவர். சில வாரங்களில் இவர் மறுபடி களத்தில்! கண் விஷயத்தை அணியில் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் விலக்கிவிடுவார்களே? இடப்பக்கம் ஆடுபவருக்கு வட்டு பெரும்பாலும் வலப்பக்கமிருந்துதான் வரும். ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுதாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில்தான் 1958 ஜனவரி 18-இல் பாஸ்டன் புருயின்ஸ் அணிக்காக இறங்கினார். வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் இவரே.

அங்கே மொத்தம் 45 ஆட்டம், 4 கோல். அவ்வளவுதான். கூட்டத்தார் வைத வசவுகளை இங்கே எழுத மனம் வரவில்லை. அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் அந்த லீக்கில் நுழைய 1974 ஆயிற்று. வில்லி கீழ் லீக்குகளில் 1979 வரை ஆடினார். அங்கே வலப்பக்கம் மாற்றப்பட்டதும் நல்ல கண்ணுக்கு வேலை கிடைத்தது; கேட்கவா வேண்டும்? இரண்டு பருவங்களில் 38 கோல் வீதம் போட்டார்.

ஆட்டம் விட்டபின் சான் டியேகோவில் காவலர் வேலையும் பார்த்தார். 62 வயதில், 1998-இல், அதே லீக் அவரை அழைத்துப் பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கொடுத்தது. சறுக்குக் காலணி, தலைக்கவசம், உடற்கவசம், பனித்திடல் வாடகை: ஏழை வீட்டால் ஆகிற செலவா இது? ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும், வழிதவறிய சிறுவர்கள் இருக்கும் இல்லங்களுக்கும் போய்ப் பேசினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சறுக்கக் கற்றார்கள்.

2018-இல் ஹாக்கி புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆட்டக்காரராக அல்ல, ஆட்டத்தை வளர்த்தவராக. 2022 ஜனவரி 18-இல், முதல் ஆட்டம் ஆடி 64 ஆண்டு நிறைந்த அன்று, பாஸ்டனில் அவருடைய 22-ஆம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றினார்கள். கோவிட் காலம், 86 வயது வில்லி சான் டியேகோவிலிருந்தே திரையில் பார்த்தார்.