துரைக்குத் தமிழ் சொன்ன கல்லூரி

தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் தண்ணீர் லாரி வந்து நின்றால் எத்தனை பாஷைகள் கேட்கும் தெரியுமா, சகோதரிகளே? முதல் குடத்துக்காரி தெலுங்கில் அவசரப்படுத்துவாள். இரண்டாவது குடம் தமிழில் பதில் சொல்லும். மூன்றாவது குடம் உருதுவில் நியாயம் கேட்கும். ஆனாலும் ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் புரியாமல் போவதே இல்லை! இவர்களுக்கு வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது. பக்கத்து வீட்டோடு வாழ்ந்தாக வேண்டும் என்ற அவசியம்தான் பள்ளிக்கூடம்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் விஷயம் அப்படியல்ல. அவர் நம் சந்தில் குடியிருக்க வருவதில்லை. சில வருஷம் இருப்பார். மாற்றல் உத்தரவு வந்ததும் போய்விடுவார். நம் பேச்சு அவருக்குப் புரியாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதல் தேதி சம்பளம் தவறாமல் வந்துவிடும். நஷ்டம் முழுவதும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவளுக்குத்தான்.

அதனால்தான் உத்தியோகஸ்தருக்கு ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைச் சர்க்காரே ஏற்க வேண்டியிருக்கிறது. இது நேற்றுத் தோன்றிய யோசனை அல்ல. நம் சென்னையிலேயே 1812-ம் வருஷம் இதற்கென்று ஒரு கல்லூரி திறந்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினியார் 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு நம் தண்டையார்பேட்டையையும் பெற்றார்கள். ஊர் கைக்கு வந்துவிட்டது. ஊராரோடு பேசுவது எப்படி? அதற்குத்தான் 'துபாஷி' இருந்தார். இரண்டு பாஷை தெரிந்தவர் என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். துரை என்ன சொன்னார் என்று ஜனங்களுக்கும், ஜனங்கள் என்ன கேட்டார்கள் என்று துரைக்கும் அவர்தான் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிப்பவர் யார்?

நல்ல துபாஷிகள் இருந்தார்கள்; கோயில் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள். வேறு மாதிரியானவர்களும் இருந்தார்கள். சூளையில் அவதானம் பாப்பையர் சாலை என்று ஒன்று உண்டல்லவா? அந்தப் பாப்பையர், கவர்னர் வேலை பார்த்த ஹாலண்டு துரையின் துபாஷி. தங்களுக்கு இடைஞ்சலாக இருந்த ஹாலிபர்ட்டன் என்ற கும்பினி அதிகாரியைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று வழக்கு வந்து, 1792-ல் தண்டனையும் கிடைத்தது. பிற்பாடு ஸர் வால்டர் ஸ்காட் தம்முடைய நாவல் ஒன்றில் பாப்பையா என்ற பெயரிலேயே ஒரு துபாஷியை உலவ விட்டார் என்றால், அவருடைய கீர்த்தி எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும், பாருங்கள்!

குற்றம் அவர் ஒருவருடையது மட்டுமா? ஒரு ராஜதானியின் காதும் வாயும் ஒரே மனிதரிடம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

இதைப் புரிந்துகொண்ட ஒரு துரை இருந்தார். பிரான்ஸிஸ் வைட் எல்லிஸ் என்று பெயர். தமிழில் தம்மை 'எல்லீசன்' என்று சொல்லிக்கொண்டவர். 1810-ல் சென்னைக் கலெக்டரானார். கல்கத்தாவில் 1800-லேயே வெல்லெஸ்லி பிரபு உத்தியோகஸ்தர்களுக்கென்று ஒரு கல்லூரி வைத்திருந்தார். 'கல்கத்தாவில் படித்த பாஷை சென்னை ராஜதானிக்கு உதவாது. இங்கே வேலை பார்க்கிறவன் இங்கத்திய பாஷையை இங்கேயே படிக்க வேண்டும்' என்பது எல்லிஸின் கட்சி. அதன் பலனாக ஏற்பட்டதுதான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி.

நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு இருக்கிறதே, அதற்கு அந்தப் பெயர் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியால் வந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண்கள் கல்லூரி தோன்றியது 1915-ல். அதற்கு முன்பே அங்கே இருந்த இந்தப் பழைய கல்லூரிதான் தெருவுக்குப் பெயர் கொடுத்தது.

அங்கே படிக்க வந்த பிள்ளைகள் யார்? சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இளம் துரைகள். மீசை கூடச் சரியாக அரும்பியிராது. ஆனால் நாளைக்கு ஒரு ஜில்லாவுக்கே எஜமானர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஸம்ஸ்கிருதம், பாரசீகம், ஹிந்துஸ்தானி முதலிய பாஷைகள் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருந்தது. பரீட்சை தேறத் தேறச் சம்பளம் ஏறும். 'பாஷையைப் படியுங்கள், அது நல்லது' என்று உபதேசம் செய்வதோடு நிற்காமல், உத்தியோகத்தையும் பணத்தையும் பரீட்சையோடு முடிச்சுப் போட்டார்கள். பிள்ளைகளை வளர்த்த தாய்மாருக்கு இந்த உபாயத்தை விளக்க வேண்டியதில்லை!

இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். துரைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உபாத்தியாயர்கள் வேண்டுமே? நம் நாட்டு வாலிபர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டு, உபாத்தியாயர்களாகவும் கோர்ட்டுக்கு வேண்டிய சட்ட நிபுணர்களாகவும் தயார் செய்தார்கள். ஆசிரியரை உண்டாக்காமல் மாணவனை உண்டாக்க முடியாது என்று தெரிந்திருக்கிறது.

அந்தப் பண்டிதர்களை நாம் மறந்துவிட்டோம். தாண்டவராய முதலியார் அங்கே தமிழ்ப் பண்டிதர். 1826-ல் பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழ் வசனமாக்கியவர் அவர். இன்று நம் குழந்தைகளுக்குச் சிங்கமும் முயலும் கதை சொல்கிறோமே, அதைத் தமிழ் அச்சில் கொண்டு வந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். முத்துசாமிப் பிள்ளை 1816-ல் வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடித் தெற்குச் சீமைக்குப் போனார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-ல் அந்தக் கல்லூரியின் சார்பில் அச்சேறியது. உத்தியோகஸ்தருக்காக வைத்த பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு வசன நூலும் அகராதியும் கிடைத்தன!

இவற்றை எல்லாம் மிஞ்சிய லாபம் ஒன்று உண்டு. தமிழும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் நடந்தபோது, இந்த இரண்டுக்கும் உள்ள உறவு எல்லிஸின் கண்ணில் பட்டது. கல்லூரியில் தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும் கற்பித்த பட்டாபிராம சாஸ்திரியார் தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்கள் கையில் இருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனியான ஒரே குடும்பம் என்று எல்லிஸ் எழுதினார். காம்பெல் என்பவர் 1816-ல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் அது வந்தது. கால்டுவெல் பாதிரியாரின் புகழ்பெற்ற நூல் 1856-ல்தான் வெளிவந்தது. நாற்பது வருஷம் கழித்து! தண்ணீர் லாரி அருகே தெலுங்குக்காரியும் தமிழ்க்காரியும் ஒருவரை ஒருவர் அவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்வதற்கு இந்தக் குடும்ப உறவும் ஒரு காரணம்தானே?

பாஷையைப் படித்தால் போதுமா? ஜனங்களின் மனத்தையும் படிக்க வேண்டும். எல்லிஸ் அதையும் செய்தார். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் அஞ்சிய காலம் அது. 'சட்டம், குத்திக்கொள்' என்று அதட்டினால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாக, அம்மைப் பாலின் பெருமையைச் சொல்லும் ஒரு சிறு நூலை அவர் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் கூறுகிறார்கள். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டினார். இராயப்பேட்டைக் கோயில் கிணற்றுக் கல்வெட்டில், நீரின் அருமைக்குத் திருக்குறளையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார். மறு வருஷமே, 1819-ல், இராமநாதபுரத்தில் காலமானார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கும்பினியார் நம்மீது கொண்ட பிரியத்தால் பாஷை படிக்கவில்லை. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் படித்தார்கள். ஆனாலும் துபாஷியைத் தாண்டி ஒரு ஏழையின் குரல் நேராகக் கலெக்டரின் காதில் விழ அது ஒரு வழி திறந்தது. 1854-ல் கல்லூரியை மூடிவிட்டு, பரீட்சை நடத்தும் குழுவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேலை வேறு இடங்களில் தொடர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் தமிழ் பயின்ற ஜி. யு. போப் 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தார். சிவில் சர்வீஸில் சேர்ந்த பிள்ளைகள் அவரிடம் படித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சுதந்திர பாரதத்தில், ராணுவ அமைச்சகத்தின் அந்நிய மொழிப் பள்ளி 1948-ல் டில்லியில் ஏற்பட்டது. வெளிநாட்டுத் தூதரக வேலைக்குப் போகிறவர்கள் ஓர் அந்நிய பாஷையைக் கட்டாயம் கற்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பஞ்சாபியானாலும் வங்காளியானாலும், முஸ்ஸூரி அகாடமியில் தமிழ் படிக்கிறார். அமெரிக்க சர்க்கார் 1947-ல் தொடங்கிய பயிற்சி நிலையமோ, தன் அதிகாரிகள் தமிழ் கற்க 44 வாரம், வகுப்பில் மட்டும் 1100 மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அடேயப்பா! நம் வீட்டுக் குழந்தை இரண்டு வயசில் அனாயாசமாகப் பேசும் பாஷையின் விலை அது!

பாஷைப் பரீட்சை கசப்பான மருந்தாகவும் ஆகலாம். இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. பல வருஷம் வேலை பார்த்த தமிழ் உத்தியோகஸ்தர்கள் சிங்களப் பரீட்சை எழுதியாக வேண்டும். தேறாவிட்டால் சம்பள உயர்வு நின்றது, வேலையும் போயிற்று. அங்கே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியல் சட்டத்தில் ஏற 1987 ஆயிற்று. ஜனங்களுக்குச் சேவை செய்வதற்காக வைக்கும் பரீட்சை வேறு. ஒரு கூட்டத்தை வெளியே தள்ளுவதற்காக வைக்கும் பரீட்சை வேறு. கேள்வித்தாள் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்!

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். தமிழ் தெரியாமல் மாநில அரசு வேலையில் சேருகிறவர் இரண்டு வருஷத்துக்குள் தமிழ்ப் பரீட்சை தேற வேண்டும் என்று விதி இருக்கிறது. மாநிலப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேறுவதை 2021-ல் கட்டாயமாக்கினார்கள். வங்கி, ரயில்வே போன்ற இடங்களுக்கு அந்த மாநில விதி செல்லாது. அங்கே வடக்கிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், கைம்பெண் ஒருத்தியின் ஓய்வூதியப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு விழிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிசையில் யாராவது ஒருவர் முன்வந்து துபாஷி வேலை பார்க்கிறார். அவர் நல்லவராக இருந்தால் கிழவியின் பாக்கியம்!

சகோதரிகளே, அந்த இளைஞர் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினால் சிரிக்காதீர்கள். 'எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்' என்று காட்டவும் வேண்டாம். நிதானமாகத் தமிழிலேயே பேசுங்கள். அவருக்கு வைத்திருக்கும் கல்லூரி இப்போது நீங்கள்தான்.

அதோடு, எண்ணூரிலும் மணலியிலும் வேலைக்கு வந்திருக்கும் ஒரிஸ்ஸாக்காரரும் பீகார்க்காரரும் தமிழ்க் கவுன்ட்டர்களின் முன்னால் இதே மாதிரி விழித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் பிள்ளையாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அவர்களுடைய பாஷையில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளும்படி இன்று இராத்திரி சாப்பாடு போடும்போது சொல்லிவையுங்கள். அம்மா சொன்னால் கேட்பார்கள்!